வரையப்படாத ஏகாந்தம்

யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊர்களின் தோற்றத்தைக் காட்டுவனவாக இன்று நமக்கு எஞ்சியிருக்கும் பழைய சித்திரங்களுள் தலைமையானவை, 1672ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரிலே அச்சேறிய ஒரு பெரிய ஒல்லாந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. அதனை எழுதியவர் பிலிப்பஸ் பால்டியஸ் என்னும் பாதிரியார். 1632இல் டெல்ஃப்ட் நகரிலே பிறந்த அவர், 1658இல் வான் கூன்ஸ் என்னும் தளபதி யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியபோது அந்தப் படையோடு கூடவே வந்து, 1665 வரையில் இங்கே தங்கி, தமிழ் கற்று, ஊரூராகச் சென்று பிரசங்கம் செய்து, தாயகம் திரும்பியபின் தாம் கண்டனவற்றையும் கேட்டனவற்றையும் ஒருங்கே திரட்டி எழுதினார். மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை என்னும் மூன்று பிரதேசங்களின் வர்த்தமானங்களும், நம்மவர் வழிபடும் தெய்வங்களின் கதைகளும், தமிழ் நெடுங்கணக்கும் அந்த நூலிலே உண்டு. அவற்றினிடையே, செப்புத் தகட்டிற் செதுக்கி அச்சிட்ட படங்களாகத் தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சங்கானை, மானிப்பாய் முதலான ஊர்த் தேவாலயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

அந்தப் படங்களைப் புரட்டிப் பார்ப்பவனுக்கு முதலிலே தோன்றுவது அவற்றின் ஒழுங்கு. தேவாலயம் ஒரு பக்கம். பாதிரியார் வந்து தங்கும் வீடு அதன் அயலிலே. சுற்றிலும் மதிலும் மரங்களும். முற்றத்திலே சிறிய சிறிய மனிதர்கள். நிழல் விழவேண்டிய இடத்தில் நிழல் விழுகிறது. கூரையின் கோணம் பிசகவில்லை. ஆனால் அந்த மரங்களின் மீது மாலை வெயில் எப்படிப் பட்டது, மழைக்கு முந்திய ஆகாயம் என்ன நிறமாயிருந்தது, அந்த முற்றத்தில் நின்றவனுக்கு நெஞ்சு எப்படி இருந்தது என்று கேட்டால் படம் பேசாது. அது பேசவேண்டிய படமும் அன்று. ஒவ்வொரு கோவிற்பற்றிலும் பள்ளிப் பிள்ளைகள் எத்தனைபேர், பிரசங்கம் கேட்க வருவோர் எத்தனைபேர் என்று எண்ணி எழுதிய அதே மனம், கட்டடத்தையும் அவ்வாறே எண்ணிக் கணக்கில் வைத்தது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் எடுத்து, உள்ளிருந்த திருவுருவங்களை அகற்றி வெள்ளையடித்த கோவில்கள் அவை. சொத்துக்கு ஓர் இடாப்பு வேண்டியிருந்தது. சித்திரம் அந்த இடாப்பிற்குத் துணையாயிற்று.

எனினும் பால்டியஸ் பாதிரியாரை வெறுங் கணக்குப்பிள்ளை என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. பருத்தித்துறையிலே கடலுக்கு அண்மையில் நின்ற பெரியதொரு புளியமரத்தின் கீழே, கரையோரத்து ஜனங்களைக் கூட்டிவைத்து அவர் பிரசங்கம் செய்தார். அந்த மரம் அவர் பெயராலேயே அறியப்பட்டு, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் நின்று, 1960களில் வீசிய புயலிலே வீழ்ந்தது. சுவரில்லாத கோவிலிலே, கடலின் இரைச்சல் பக்கப்பாட்டாக, உப்புக் காற்று முகத்தில் அடிக்க ஒருவன் தெய்வத்தைப் பற்றிப் பேசினான் என்னும் செய்தியிலே, அந்தச் செப்புத் தகடுகள் எவற்றிலும் இல்லாத ஒன்று இருக்கிறது.

இதே செய்தி, நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலான பின், பூமியின் மற்றொரு மூலையிலே, ஏறக்குறைய அப்படியே மீண்டும் நிகழ்ந்தது. பால்டிக் கடலிலே றூகன் என்று ஒரு தீவு உண்டு. அதன் வடமுனையில் அல்டன்கிர்ஷன் என்னும் ஊருக்கு 1792 முதற் குருவாயிருந்தவர் கோசகார்டன் என்னும் கவிஞர். ஹெரிங் மீன் படும் பருவத்திலே மீனவர் கரையை விட்டு அகலமுடியாது. கோவிலுக்கு வரச் சொன்னால் வரார். ஆகவே குருவே அவர்களிடம் போனார். வித் என்னும் மீனவக் குப்பத்தருகே, கடலைப் பார்த்த மேட்டிலே நின்று அவர் செய்த கரைப் பிரசங்கங்கள் ஜெர்மன் நாடெங்கும் பேசப்பட்டன. பருத்தித்துறைப் பாதிரியாரை அவர் அறிந்திருக்கவேண்டிய அவசியமில்லை. கடற்றொழில் செய்வோரிடம் வேதம் சொல்லப் புறப்பட்ட எவனையும் கடல் இந்த வழிக்குத்தான் கொண்டுவரும். பேதம் அதன்பின்னர் நேர்ந்ததில் இருக்கிறது. பருத்தித்துறைப் புளியமரத்தடியிலிருந்து ஒரு சித்திர மரபு கிளைக்கவில்லை. றூகன் கரையிலிருந்து கிளைத்தது. கோசகார்டன் பாதிரியாரின் நட்பையும் ஆதரவையும் பெற்று, அவருடைய தீவையே தன் சித்திரப் புத்தகத்தோடு கால்நடையாகச் சுற்றிவந்த இளைஞன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக்.

ஃபிரீட்ரிக் 1774இல் கிறைஃப்ஸ்வால்ட் என்னும் துறைமுகப் பட்டினத்திலே சவர்க்காரமும் மெழுகுதிரியும் செய்யும் குடும்பத்திற் பிறந்தவர். சிறு வயதிலே தாயை இழந்தார். பதின்மூன்றாம் வயதில், தண்ணீரில் அகப்பட்ட அவரைக் காப்பாற்றப்போய் அவருடைய தம்பி அவர் கண்முன்னே மாண்டுபோனான் என்பது அவர் சரித்திரத்தை எழுதினோர் பலர் சொல்லும் செய்தி. இத்தகைய ஒருவர் ஏகாந்தத்தை நாடியதிலே வியப்பில்லை. அந்த ஏகாந்தத்தை ஒரு தொழில் நியமமாக அவர் மாற்றிக்கொண்டதே வியப்பு. 1801ஆம், 1802ஆம் ஆண்டுகளில் றூகன் தீவிலே அவர் பென்சிலால் எழுதிய பாறைகளும் மரங்களும் கரைகளும் பெரும்பாலும் நாள் குறித்தவை. ஒரு கிளையைக்கூடத் தன் இஷ்டத்துக்கு வளைத்து எழுதாத கை அது. பின்னர் அந்தப் பென்சிற் குறிப்புகளைக் கொண்டு ஸீபியா என்னும் பழுப்பு மையினால் பெரிய சித்திரங்களை எழுதினார். 1805இல் வைமார் நகரிலே மகாகவி கெதே நடத்திய போட்டியில் பரிசு பெற்றவை அத்தகைய இரண்டு ஸீபியாச் சித்திரங்கள். அவற்றுள் ஒன்று, பக்தர் கூட்டமொன்று வெட்டவெளியிலே நிற்கும் சிலுவையை நோக்கி ஊர்வலமாகச் செல்லும் காட்சி.

மூன்றாண்டு கழித்து, மலைமுடியிலே ஃபிர் மரங்களின் நடுவே சிலுவை நிற்கும் ஓர் ஓவியத்தை, பலிபீடத்துக்குரிய சட்டகத்தில் அமைத்து, தம் வீட்டு அறையை இருட்டாக்கிக் கறுப்புத் துணி விரித்த மேசையின்மேல் வைத்துக் காட்டினார். இறாம்டோர் என்னும் விமரிசகர் சீறினார். நிலக்காட்சி பலிபீடத்தின்மேல் ஏறுவதா என்பது அவர் ஆட்சேபம். இந்த ஆட்சேபத்தை அலட்சியம் செய்யாமல் நாம் கவனிக்கவேண்டும். ஏனெனில், நடந்தது உண்மையிலே அதுதான். புரட்டஸ்தாந்தக் கோவில்களின் சுவர்களிலிருந்து திருவுருவங்கள் விடைபெற்று இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன. கண்ணுக்கு ஓர் ஆலம்பனம் இல்லாமல் நெடுங்காலம் உள்ளேயே அடங்கிக் கிடந்த பக்தி, மலையும் கடலும் மூடுபனியும் ஆகிய வெளியுலகத்திலே தனக்கோர் உருவத்தைத் தேடிக்கொண்டது. பால்டியஸ் பாதிரியாரும் அதே உருவநீக்கத்தின் வாரிசுதான். வெள்ளையடித்த சுவரிலிருந்து ஒருவர் கணக்குப் புத்தகத்துக்குப் போனார். மற்றவர் கடற்கரைக்குப் போனார்.

1810இல் பெர்லினில் வைக்கப்பட்டு, பிரஷ்ய மன்னரால் வாங்கப்பட்ட ‘கடலோரத்துத் துறவி’ என்னும் ஓவியத்தை நேரிற் காணாதவரும் பிரதிகளிற் கண்டிருப்பர். சாம்பல் நிறக் கரை, கறுத்த கடல், ஓவியத்தின் பெரும்பகுதியை விழுங்கிக்கொண்ட ஆகாயம், கரையிலே ஒற்றை மனிதன். அந்தக் கடலிலே முதலில் கப்பல்களையும் அவர் எழுதியிருந்தார் என்றும், பின்னர் அவற்றை மறைத்துவிட்டார் என்றும் இக்காலத்துப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. கப்பல் இருந்தால் பார்ப்பவன் துறைமுகத்தை நினைப்பான், வியாபாரத்தை நினைப்பான், வீட்டுக்குத் திரும்புதலை நினைப்பான். ஒவ்வொன்றாக நீக்கி நீக்கி, துறவியையும் வெளியையும் மாத்திரம் மிச்சம் வைத்தார். தூரிகை கொண்டு செய்த துறவு என்று அதனைச் சொல்லலாம். அவருடைய வேலையறையும் அவ்வாறே இருந்தது: வெறுஞ்சுவர், ஒரு சட்டகம், ஒரு நாற்காலி. 1821இல் ருஷ்யக் கவிஞர் ஷுகோவ்ஸ்கி தம்மோடு சுவிட்ஸர்லாந்துக்கு வருமாறு அழைத்தபோது, இயற்கையைப் பார்ப்பதற்குத் தாம் தனியே இருந்தாகவேண்டும் என்று கூறி அவர் மறுத்தார். பாறைகளும் மரங்களும் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கிலே ஒரு வாரம் முழுவதும் ஆள்முகம் பாராமல் இருந்ததையும் அப்போது சொன்னார்.

ஃபிரீட்ரிக், கிறைஃப்ஸ்வால்ட் அருகே இடிந்து கிடந்த எல்டனா மடாலயத்தின் சுவர்களை மீண்டும் மீண்டும் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்திலே, யாழ்ப்பாணத்திலும் இடிந்த சுவர்களுக்குக் குறைவில்லை. 1795இல் ஆங்கிலேயர் வந்தபின், ஒல்லாந்தரின் ஊர்க் கோவில்களைப் பேணுவாரில்லை. முருகைக்கல்லாற் கட்டிய தடித்த சுவர்கள் கூரையிழந்து வெயிலுக்கும் மாரிக்கும் நின்றன. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து இறங்கியபோது தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்கள் பொறுப்பேற்றவை இத்தகைய பாழ்களே. ஃபிரீட்ரிக் கண்டிருந்தால் ஓவியமாக்கியிருக்கக்கூடிய அந்தக் காட்சியை, டானியல் பூவர் முதலான அவர்கள் ஓடும் மரமும் கொண்டு மூடினார்கள். வட்டுக்கோட்டையிலே 1823இல் செமினரி எழுந்தது. உடுவிலிலே 1824இல் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை எழுந்தது. அவர்கள் பக்திமான்கள் அல்லர் என்று யாரும் சொல்லார். ஆயினும் இடிபாட்டின்முன் நின்று பெருமூச்சுவிட அவர்களுக்கு நேரமிருக்கவில்லை. நானும் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். பாழ்ச் சுவரின் அழகினும், அதன்மேற் கூரையிட்டு நாலு பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த காரியமே அந்தக் கணத்துக்கு உகந்தது.

ஐரோப்பிய றொமான்டிக் சித்திர மரபிலே பயின்ற கை இலங்கைக்கு வராமலும் போகவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரத்தவராகிய அன்ட்ரூ நிக்கல் 1846இல் கொழும்பு அக்கடமியிலே நிலக்காட்சிச் சித்திரம் கற்பிக்க வந்தார். குடியேற்றக் காரியதரிசி எமர்சன் டென்னன்ட் அவருக்கு ஆதரவாளர். 1848இல் இலங்கைக் காடுகளினூடே ஐந்து வாரம் பிரயாணம் செய்து, காடு மூடிய கோவில்களையும் பிரமாண்டமான சிலைகளையும் குளங்களையும் தாதுகோபங்களையும் எழுதி, அந்தப் பிரயாணத்தைப் பற்றி டப்ளின் சஞ்சிகையொன்றிலே 1852இல் கட்டுரையும் வரைந்தார். டென்னன்டின் 1859ஆம் ஆண்டுப் பெருநூலை அவர் சித்திரங்கள் அலங்கரித்தன. அத்தகைய கண்ணுக்கு மலை வேண்டும், அருவி வேண்டும், மரவேர் பற்றிப் பிளந்த கற்றூண் வேண்டும். யாழ்ப்பாணத்திலே மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. சுண்ணாம்புப் பாறையின்மேற் சிறிதே படிந்த செம்மண், பனை, வடலி, புகையிலைத் தோட்டம், கிடுகுவேலி, ஒழுங்கை. வெளியென்று இருப்பவை தரவைகளும், உப்பளங்களும், வல்லிபுரத்துக்கும் மணற்காட்டுக்கும் இடையிலுள்ள மணல்மேடுகளுமே. மற்ற இடமெல்லாம் மனிதர் நெருங்கி வாழும் பூமி. வேலியினூடே அயல்வீட்டுக் கண் பார்க்கும் ஊரில் ஏகாந்தம் என்பது எளிதில் வாய்க்கும் பொருளா?

ஆனால் வாய்த்தது, அதுதான் இங்கே விசேஷம். ஐரோப்பாவிலே தனிமை காட்டைத் தேடிப் போன அதே நூற்றாண்டிலே, யாழ்ப்பாணத்துத் தனிமை சந்தைக்கு வந்தது. பெரியகடையிலே சனநெரிசலின் நடுவே திரிந்தமையாற் கடையிற் சுவாமி என்று பெயர்பெற்றவர் ஒருவர். அவர் வழியிலே வந்த செல்லப்பா சுவாமி இருந்த இடம் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் தேரடி. குடாநாட்டிலேயே அதிக சனம் நடமாடும் வீதிகளுள் ஒன்று. கிட்ட வந்தவர்களை ஏசித் துரத்தினார், ஊரார் விசரென்றனர். அந்த ஏச்சு ஒரு மதிலாக நின்று அவருக்கு வேண்டிய ஏகாந்தத்தைக் காத்தது என்பதை ஊரார் பின்னரே உணர்ந்தனர். 1872இல் மாவிட்டபுரத்திற் பிறந்து, கிளிநொச்சியிலே நீர்ப்பாசனப் பகுதிக் களஞ்சியத்தில் உத்தியோகம் பார்த்து, செல்லப்பரை அடைந்து எல்லாவற்றையும் விட்ட யோகர் சுவாமி, கொழும்புத்துறை வீதியோரத்து இலுப்பைமர நிழலிலே வெயிலென்றும் மழையென்றும் பாராமல் இருந்தார். வண்டிற்காரரும் சந்தைக்குப் போகும் பெண்களும் அவரைக் கடந்துதான் போனார்கள். ஃபிரீட்ரிக் கப்பல்களை அழித்துத் துறவிக்கு வெளியை உண்டாக்கினார். இவர்கள் ஒன்றையும் அழிக்காமலே அந்த வெளியை உண்டாக்கிக்கொண்டார்கள். இதைத் தூரிகைக்குள் அடக்குவது எங்ஙனம்? தேரடியைத் தத்ரூபமாக எழுதினால் சனக்கூட்டந்தான் வரும்.

நிலத்தைப் போற்றாத பக்தி என்று இதைக் கொள்ளலாகாது. திருஞானசம்பந்தர் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடிய காலந்தொட்டு, கடலும் சோலையும் கரையில் ஒதுங்கும் பொருளும் சொல்லாமல் ஒரு தலத்தைப் பாடும் வழக்கம் நம்மிடம் இல்லை. யாழ்ப்பாணத்திலேயே, பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர், சுழிபுரத்துப் பறாளை விநாயகர்மேற் பள்ளுப் பாடியபோது, வயலும் மாடும் மழையும் நாட்டுவளமும் ஆகிய அனைத்தையும் தெய்வத்தின் சந்நிதியிலே கொண்டுவந்து நிறுத்தினார். பறங்கியர் 1621இல் நல்லூர்க் கோவிலை இடித்தார்கள். அந்தப் பாழை எழுதிய நம்மவர் சித்திரம் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நல்லூரை யாரும் பாடாமல் விடவுமில்லை. நிலக்காட்சி நமக்குச் செவிப்புலனுக்கு உரியதாயிருந்தது. போதாததற்கு அது கால்களுக்கும் உரியதாயிருந்தது: புரட்டாதி மாதத்திலே வல்லிபுரத்தாழ்வாரோடு மணல்மேடு கடந்து கடற்றீர்த்தத்துக்கு நடந்தவனுக்கும், கீரிமலைக் கேணியில் முழுகியபின் ஈர உடையோடு கரையிலே பிதிர்க்கடன் செய்தவனுக்கும், அந்த இடங்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவேண்டுமென்று தோன்றியிராது.

யாழ்ப்பாண வழிவந்த தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கீழ்நாட்டுச் சிற்பி வேலை தொடங்குமுன் தியான சுலோகத்தை மனத்திலிருத்தி, உருவத்தை உள்ளே கண்டு, பின்னரே கையை அசைக்கிறான் என்று உலகத்துக்கு எடுத்துரைத்தவர். ஃபிரீட்ரிக்கும் தம் முன்னே காண்பதை மாத்திரமன்றித் தம்முள்ளே காண்பதையும் ஓவியன் எழுதவேண்டும் என்ற கொள்கையினரே. இரண்டும் ஒன்றென்று சிலர் அவசரமாகக் கூறுவர்; எனக்கு உடன்பாடில்லை. நம் சிற்பியின் உள்ளே இருந்தது வழிவழியாக வந்த தெய்வ உருவம்; அவன் தனியே இருந்தாலும் அவனுக்குப் பின்னால் ஒரு கூட்டம் நின்றது. ஃபிரீட்ரிக்கின் உள்ளே அத்தகைய உருவம் ஒன்றுமில்லை. அதனாலேயே அவருக்கு ஆகாயம் அவ்வளவு பெரிதாகத் தேவைப்பட்டது.

சித்திரம் நம்மவர் கைக்கு வந்தது பாடசாலை வழியாக. இலங்கையிலே சித்திரக் கல்விக்குப் பொறுப்பாயிருந்த வின்சர் என்பவரின் பெயரை இட்டு, சித்திர வித்தியாதரிசியாகிய எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்திலே வின்சர் ஆர்ட் கிளப்பை நிறுவினார். ஆசிரியர்கள் ஓய்வு நாட்களிலே கூடி, நிலக்காட்சியும் மனித உருவமும் எழுதிப் பழகினார்கள். அவர்களுடைய நிலக்காட்சிகளை அயல்நாட்டுப் பாணியின் எதிரொலி என்று ஒதுக்குவது பிற்காலத்தவருக்குச் சுலபமாயிற்று. பாணி அயலானதே, ஆயினும் பனங்கூடலுக்கும் கடலேரிக்கும் முன்னால் ஒரு தமிழன் தாளோடு தனியே உட்கார்ந்து, கணக்கெடுக்கும் நோக்கமின்றிப் பார்த்தது அந்தக் கழகத்தின் பழக்கத்தாலேதான் நம்மிடை வேரூன்றியது என்பது என் துணிபு. அதன் பின்னர், குருநகரில் 1933இல் பிறந்த அ. மாற்கு, விடுமுறைக்கால ஓவியர் கழகத்தின் மூலமாக அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தார்; கத்தோலிக்கப் பக்தியும் நவீன ஓவியத்தின் கோடுகளும் அவரிடத்திலே கூடின. 1995இல் போரினால் யாழ்ப்பாண நகரைவிட்டுச் சனங்கள் ஒருங்கே பெயர்ந்தபோது அவருடைய படைப்புகள் பலவும் அழிந்தன. 2000இல் அவர் மறைந்தார்.

யுத்தம் இந்தப் பூமிக்கு வேறொரு தனிமையையும் கொண்டுவந்தது. அதனை ஒருவரும் நாடிப் பெறவில்லை. 1990இன் பின் மயிலிட்டி, தெல்லிப்பழை, கீரிமலை என்று பால்டியஸ் பாதிரியார் நடந்துதிரிந்த வலிகாமத்தின் வடபாகம் பாதுகாப்பு வலயமாகி, வீடும் கோவிலும் கூரையின்றி, வளவுகள் பற்றையாகி, பல ஆண்டுகள் மனித சஞ்சாரமின்றிக் கிடந்தன. கோட்டையினுள் 1706இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவை வடிவான தேவாலயமும் போரில் அழிந்துபோயிற்று. மணற்காட்டிலே மணல் மூடிய அந்தோனியார் கோவிலின் சுவர்கள் இன்றும் மேட்டுக்கு மேலே தலைநீட்டி நிற்கின்றன. அதைப் பார்க்கப் போகிறவர்கள் கைப்பேசியிலே படமெடுத்துக்கொண்டு அந்தி சாயுமுன் திரும்பிவிடுகிறார்கள்.

நம் பாடசாலைகளிலே சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். பால்டியஸ் பாதிரியாரின் படங்கள் இன்று எவருக்கும் எளிதிற் கிடைக்கின்றன. அவற்றின் பிரதிகளை எடுத்துக்கொண்டு, மேல்வகுப்பு மாணாக்கரைத் தெல்லிப்பழைக்கும் அச்சுவேலிக்கும் வட்டுக்கோட்டைக்கும் பண்டத்தரிப்புக்கும் அழைத்துச் செல்லுங்கள். பழைய படத்தில் உள்ள இடம் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு கிளையையும் இஷ்டத்துக்கு வளைக்காமல், பென்சிலால் எழுதி நாளும் இடமும் குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் மற்றப் பிள்ளையின் கண்ணுக்கு எட்டாத தூரத்திலே உட்காரவையுங்கள். ஒரு முழுப் பகலாவது அவர்களோடு பேசாதிருங்கள்.